அனுமந்தன்பட்டிப் பெண்ணுக்கு ஒரு ஜாம்பவான்

தேனியிலிருந்து கம்பத்துக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால், உத்தமபாளையம் தாண்டியதும் வருகிற அனுமந்தன்பட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் கவனித்திருக்க மாட்டீர்கள். அது உங்கள் குற்றம் அல்ல. கம்பத்துக்குப் போகிறவர்களுக்குத் திராட்சை ஞாபகம். குமுளிக்குப் போகிறவர்களுக்குத் தேக்கடி யானை ஞாபகம். மாலை போட்டுக் கொண்டு போகிறவர்களுக்குச் சபரிமலை ஞாபகம். நடுவே இருக்கும் சின்ன ஊரை யார் மனத்தில் வைத்துக் கொள்கிறார்கள்?

இந்த வாரம் நாம் அங்கே இறங்குவோம், வாருங்கள்.

இறங்கியதும் கண்ணை நிறைப்பவை மலைகள்தான். மேற்கே கேரளத்து எல்லையாக நிற்கும் ஏலமலைகள். கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். இரண்டுக்கும் நடுவே பாய் விரித்தாற்போல் ஒரு பள்ளத்தாக்கு. நெல் வயல், தென்னந்தோப்பு, வாழை. பந்தல் போட்டுப் படர விட்ட திராட்சைக் கொடி. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர்களில் திராட்சைக்குப் பருவம் உண்டு. இங்கேயோ வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் குலை தொங்கிக் கொண்டே இருக்கும்.

இத்தனை பசுமைக்கும் காரணம் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு ஒரு கதை உண்டு. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்து கொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து சுரங்கம் போட்டு, கிழக்கே திருப்பி விட்டார் கர்னல் பென்னிகுயிக் என்ற ஆங்கிலேய இஞ்சினீயர். 1887-ல் தொடங்கிய வேலை 1895-ல் முடிந்தது. இன்றைக்கும் இந்தப் பள்ளத்தாக்கில் அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15-ந் தேதி பொங்கல் வைக்கிறார்கள். வெள்ளைக்காரருக்குப் பொங்கல் வைக்கிற சீமை வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

சரி, ஊரின் பெயருக்கு வருவோம். பெயரிலேயே அனுமன் இருக்கிறான். அனுமன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கடலைத் தாண்டினது, இலங்கையைக் கொளுத்தினது, சஞ்சீவி மலையைத் தூக்கி வந்தது. எனக்கு வருவது அவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு காட்சி.

மகேந்திர மலை. எதிரே சமுத்திரம். வானர வீரர்கள் கூடி நின்று, "என்னால் இவ்வளவு தூரம் தாண்ட முடியும், உன்னால் எவ்வளவு முடியும்?" என்று கணக்குப் பார்க்கிறார்கள். அங்கதன், "போய்விடுவேன், திரும்பி வருவேனோ என்பதுதான் சந்தேகம்" என்கிறான். அனுமன் மாத்திரம் ஒரு பக்கமாக, பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். தன் பலம் அவனுக்கே தெரியாது. அப்போது கிழவர் ஜாம்பவான் அவனிடம் போய், "அப்பா, நீ யார் தெரியுமா? உன் சக்தி என்ன தெரியுமா?" என்று எடுத்துச் சொல்கிறார். அதன் பிறகுதான் அவன் எழுந்து நிற்கிறான்.

யோசித்துப் பாருங்கள். தாண்டினவன் அனுமன்தான், ஆனால் ஜாம்பவான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் ராமாயணமே அந்தக் கரையோடு நின்று போயிருக்கும்!

பெட்டி கட்டும் இரவு

இப்போது ஒரு பெண்ணை உங்களுக்கு அறிமுகம் செய்யப் போகிறேன். அவளுக்கு நான் பெயர் வைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரையே வைத்துக் கொள்ளுங்கள். ஊர் அனுமந்தன்பட்டி. தகப்பனாருக்குக் கொஞ்சம் நிலம். தாயார் வீட்டு வேலை போக வயல் வேலையும் பார்க்கிறவள். பெண், பக்கத்து உத்தமபாளையத்தில் 1956-லிருந்து நடக்கும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிவிட்டாள். காலையில் போய் மாலையில் வீடு திரும்புகிற தூரம். தாயார் கையால் சாப்பாடு, சொந்தத் தலையணையில் தூக்கம், கவலை இல்லை.

இப்போது எம்.எஸ்ஸி. படிக்க மதுரைப் பல்கலைக் கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. வீட்டிலேயே, ஏன், அந்தத் தெருவிலேயே, முதுகலை வகுப்புக்குப் போகிற முதல் பெண் அவள்தான். நாளைக்குக் காலையில் புறப்பாடு. ராத்திரி பெட்டி கட்டுகிறார்கள். பருப்புப் பொடி, ஊறுகாய் ஜாடி, முறுக்கு டப்பா, போர்வை, வாளி எல்லாம் உள்ளே போய்விட்டன. பாட்டி விபூதிப் பொட்டலம் வைத்தாயிற்று.

தாய்மார்களே, அந்தப் பெட்டியில் இன்னும் சில சாமான்கள் வைக்க வேண்டும். முதலாவது, காகிதங்கள். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், இந்த வருஷத்து வருமானச் சான்றிதழ், ஆதார், பாங்கிப் புத்தகம். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து நகல். உபகாரச் சம்பளப் பணம் இப்போதெல்லாம் நேரே பாங்கிக் கணக்குக்குத்தான் வருகிறது. ஆகையால் அந்தக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பாங்கியில் ஒரு முறை கேட்டு விடுங்கள். இது ஒன்று தவறினால், மஞ்சூரான பணம் கூட வந்து சேராது.

இரண்டாவது, அசல் சான்றிதழ் விஷயம். சரிபார்க்கக் காட்டலாம், ஆனால் கல்லூரி அவற்றை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்துக் கொள்ளக் கூடாது என்று பல்கலைக் கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. இது தெரிந்தால் பெண்ணுக்குப் பாதி தைரியம் வந்துவிடும்.

மூன்றாவது சாமான் பெட்டியில் அடங்காது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கணவாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

காலையில் பஸ் ஏறியாயிற்று. சாதாரண டவுன் பஸ்களில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்கு டிக்கெட் கட்டணம் இல்லை. நம் பெண் கல்லூரிக்குப் போய் வந்ததெல்லாம் அப்படித்தான். இன்றைக்கோ மதுரைப் பிரயாணம். டிக்கெட் வாங்கத்தான் வேண்டும்!

சுமார் 100 கிலோமீட்டர். உத்தமபாளையம் போய், சின்னமனூர் வருகிறது. பாண்டியர்களின் வம்சாவளியைச் சொல்லும் புகழ் பெற்ற செப்பேடுகள் கிடைத்த ஊர் இது. அப்புறம் வீரபாண்டி, கௌமாரியம்மனுக்குச் சித்திரையில் திருவிழா என்றால் பள்ளத்தாக்கே திரண்டு வந்துவிடும். பெண் ஜன்னல் வழியே கையெடுத்துக் கும்பிடுகிறாள். தேனியில் பஸ் நிற்கிறது. பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டி வந்து உட்காருகிறார்.

"எங்கத்தா போற, பெட்டி படுக்கையோட?"

"மதுரைக்கு, பாட்டி. படிக்கப் போறேன்."

"இன்னுமா படிப்பு முடியல?"

இந்தக் கேள்வியை அவள் இன்னும் எத்தனை பேரிடம் கேட்கப் போகிறாளோ!

ஆண்டிப்பட்டி தாண்டியதும் மலைகள் நெருங்கி வருகின்றன. சாலை வளைந்து ஏறுகிறது. இதுதான் ஆண்டிப்பட்டிக் கணவாய். இதைக் கடந்தால் மதுரை ஜில்லா. பச்சை குறைந்து, பொட்டலும் கருவேலமும் தலைகாட்டும். பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் மனசு ஒரு நிமிஷம் பின்னால் திரும்பிப் பார்க்கும். கடல் தாண்டுவது என்றால் உண்மையில் இதுதான். அங்கதன் சொன்ன சந்தேகமும் இந்த இடத்தில்தான் எழுகிறது: போய் விடுவேன், ஆனால்...?

உசிலம்பட்டி, செக்கானூரணி. மதுரைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போதே, நாகமலைப் புதுக்கோட்டைக்கு முன்னால், கண்டக்டர் "பல்கலை நகர்!" என்கிறார். மதுரை காமராசர் பல்கலைக் கழகம் இதுதான். 1966-ல் மதுரைப் பல்கலைக் கழகமாகத் தொடங்கி, 1978-ல் காமராசர் பெயரைச் சூட்டிக் கொண்டது. முதல் துணை வேந்தர் பன்மொழிப் புலவர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார், அவருக்குப் பின் வந்தவர் டாக்டர் மு. வரதராசனார். தமிழ் படித்த இரண்டு பெரியவர்கள் அடுத்தடுத்து ஆண்ட இடம்! தெ. பொ. மீ.யின் பெயரைத்தான் நூலகத்துக்கும் வைத்திருக்கிறார்கள்.

அகலமான வளாகம். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு நடக்கவே கால் வலிக்கும். நம் பெண் பெட்டியுடன் நிற்கிறாள். யாரைப் பார்ப்பது? எங்கே போவது?

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் ஆரம்பமாகிறது.

மடையைத் திறந்தால்தான்...

பெரியாற்று அணையில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும், வயலின் மடையைத் திறக்காவிட்டால் நாற்று கருகித்தான் போகும். இன்றைய பல்கலைக் கழகங்களில் மாணவர்களுக்கு உள்ள உதவிகளும் அப்படித்தான். இருக்கின்றன, நிறைய இருக்கின்றன. ஆனால் எதுவும் மாணவியின் அறைக்கு நடந்து வந்து கதவைத் தட்டுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு ஜன்னலுக்குப் பின்னால், ஒரு மேஜைக்குப் பின்னால், ஒரு விண்ணப்பத் தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. கேட்கிறவளுக்குக் கிடைக்கும்.

நம் பெண்ணோ கேட்கப் பழகாதவள்! "வாயைத் திறந்து கேட்காதே, கொடுத்ததைச் சாப்பிடு" என்று வளர்த்தது யார்? "எங்கள் பெண் இருக்கிற இடமே தெரியாது" என்று பெருமை பேசினது யார்? இருக்கிற இடமே தெரியாத பெண்ணுக்கு, இருக்கிற உதவியும் தெரியாமல் போய்விடுகிறது. பட்டணத்துப் பெண் முதல் நாளே ஆபீஸ் ஜன்னலில் தலையை நீட்டி நாலு கேள்வி கேட்டு விடுவாள். நம் பெண், "இதைக் கேட்டால் நம்மைப் பட்டிக்காடு என்று நினைப்பார்களோ" என்று தயங்கித் தயங்கி ஒரு மாதத்தைக் கழித்து விடுவாள். அதற்குள் விண்ணப்பத்தின் கடைசித் தேதி தாண்டியிருக்கும்.

ஆகையால், யார் யாரிடம் என்ன கேட்கலாம் என்று வரிசையாகப் பார்த்து விடுவோம்.

பணம் தரும் ஜன்னல்

ஆதி திராவிட மாணவர்களுக்கான மேல்படிப்பு உபகாரச் சம்பளம் 1944-லிருந்தே நம் தேசத்தில் இருந்து வருகிறது. அது முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் கூட உண்டு. பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கும் தனித் தனித் திட்டங்கள் இருக்கின்றன. வருமான வரம்பு உண்டு. வருஷா வருஷம் விண்ணப்பிக்க வேண்டும். பல்கலைக் கழகத்தில் உபகாரச் சம்பளப் பிரிவு எங்கே என்று முதல் வாரமே கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறதல்லவா? அது முதல் பட்டம் முடியும் வரைதான். "மாதா மாதம் ஆயிரம் வருமே" என்று அதை நம்பி எம்.எஸ்ஸி.க்குக் கணக்குப் போடாதீர்கள். பட்டம் முடிந்த மாதத்தோடு அது நின்று, அதே சமயத்தில் விடுதிச் செலவு தொடங்குகிறது. பல குடும்பங்களுக்கு எதிர்பாராத இடி இதுதான்.

கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால், கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் ரூபாய் வரைக்கும் சொத்து அடமானம் கேட்காமல் பாங்கிகள் கொடுக்க வழி இருக்கிறது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத் திருப்பித் தரத் தொடங்கலாம். நகைக் கடைக்கு ஓடும் முன்னால் பாங்கிக்குப் போய் விசாரியுங்கள். அம்மாவின் தாலிக் கொடி பீரோவிலேயே இருக்கட்டும்.

புத்தகத்தின் வாசல்

இளங்கலையில் வாத்தியார் சொல்லிக் கொடுத்ததைப் படித்து எழுதினால் போதும். முதுகலையில் அப்படி இல்லை. நீயே தேடிப் படி என்பார்கள். அதுவும் இங்கிலீஷில். தமிழ் வழியில் படித்து வந்த பெண்ணுக்கு முதல் மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல்தான் இருக்கும். "எனக்குப் புத்தி போதாது" என்று முடிவு கட்டிவிடுவாள். புத்தி போதும், வழிதான் தெரியவில்லை.

அந்த வழியைக் காட்டுகிறவர்தான் நூலகர். நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக் கொடுத்து முத்திரை குத்துகிறவர் என்று நினைத்து விடாதீர்கள். "இந்த விஷயத்தைப் பற்றி எங்கே தேடுவது?" என்று கேட்டால் சொல்லித் தருவது அவருடைய வேலையே. நம் தேசத்துப் பல்கலைக் கழகங்களில் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய லட்சக்கணக்கான ஆராய்ச்சி நூல்களை 'சோத்கங்கா' என்ற பெயரில் இன்டர்நெட்டில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். 2025 ஜனவரியிலிருந்து, 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்தில், சுமார் 13,000 வெளிநாட்டு, உள்நாட்டுச் சஞ்சிகைகளை அரசுக் கல்வி நிலையங்களின் மாணவர்கள் படிக்க மத்திய அரசு மொத்தமாகச் சந்தா கட்டியிருக்கிறது. முன்பெல்லாம் பெரிய நகரத்துப் பணக்காரக் கலாசாலைகளுக்கு மட்டும் கிடைத்த சஞ்சிகைகள் இவை. அனுமந்தன்பட்டிப் பெண்ணும் இப்போது அதே பக்கத்தைப் புரட்டலாம். ஆனால் எப்படித் திறப்பது என்று ஒரு தடவை கேட்டாக வேண்டும்!

வகுப்பிலும் கேட்கலாம். பல இடங்களில் பத்திருபது மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்று பிரித்து, அவர்களுடைய நலனைக் கவனிக்கும் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்கள். "என் பொறுப்பாசிரியர் யார்?" என்பது முதல் வாரத்துக் கேள்விகளில் ஒன்றாக இருக்கட்டும்.

மனசு கனத்தால்

விடுதியில் இரண்டாவது வாரம் மிகவும் பொல்லாதது. முதல் வாரம் எல்லாம் புதுசு. இரண்டாவது வாரத்தில் முறுக்கு டப்பா காலியாகி விடும். வீட்டு ஞாபகம் வந்து தொண்டையை அடைக்கும். இது வியாதி அல்ல. தானாகச் சரியாகி விடும். ஆனால் தூக்கம் போய், சாப்பாடு போய், எதிலும் பிடிப்பு இல்லாமல் வாரக் கணக்கில் நீடித்தால் சும்மா இருக்கக் கூடாது. காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவதுபோல் மனசுக்கும் போக வேண்டும். பல்கலைக் கழகங்களில் ஆலோசகர்கள் உண்டு. அங்கே போகக் கூச்சமாக இருந்தால், 2022 அக்டோபரிலிருந்து மத்திய அரசு நடத்தும் 'டெலி மானஸ்' என்ற சேவை இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும், தமிழிலேயே, காசில்லாமல் பேசலாம்.

பெரிய மாணவர்களின் தொந்தரவா? பகடி வதையைத் தடுக்கத் தமிழ் நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு.

அதைவிடச் சங்கடமான தொந்தரவா? யாரிடமும் சொல்ல முடியாத மாதிரியா? தாய்மார்களே, இதை மறைக்காமல் உங்கள் பெண்ணுக்குச் சொல்லி அனுப்புங்கள். 2013-ல் வந்த சட்டப்படியும், 2015-ல் மானியக் குழு போட்ட விதிகளின்படியும், ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் உள் விசாரணைக் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் ஒரு பெண்மணியாகத்தான் இருக்க வேண்டும். மாணவர்கள் சம்பந்தப்பட்ட விஷயமானால் மாணவப் பிரதிநிதிகளும் அதில் உட்காருவார்கள். பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். "படிப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்" என்று பெட்டியைத் தூக்கிக் கொண்டு ஒரு பெண் ஊர் திரும்பினால், தவறு செய்தவன் அங்கே நிம்மதியாக இருப்பான். இவள் பட்டம்தான் போகும். அது நியாயமா?

மார்க்கு, கட்டணம், விடுதி என்று மற்றக் குறைகளுக்கு மாணவர் குறை தீர்க்கும் குழு இருக்கிறது. 2023-ல் வந்த விதிப்படி, புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அது தன் அறிக்கையைத் தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மேலே குறை கேட்பு அதிகாரியிடம் போகலாம்.

கல்யாணமும் ஆராய்ச்சியும்

"எல்லாம் சரி, எம்.எஸ்ஸி. முடித்து ஆராய்ச்சி, அது இது என்று ஆரம்பித்தால் கல்யாணம் எப்போது?" என்று கேட்கப் போகிறீர்கள். கேட்காமல் இருப்பீர்களா!

ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித் தொகை தரும் தேசியத் தேர்வில் தேறினால், 2023 முதல் தொடக்கத்திலேயே மாதம் 37,000 ரூபாய். பல உத்தியோகங்களில் கூட இந்தச் சம்பளம் இல்லை. கல்யாணத்துக்கும் வழி வைத்திருக்கிறார்கள். 2022-ல் வந்த விதிகளின்படி, ஆராய்ச்சி செய்கிற பெண்ணுக்குப் பிரசவத்துக்கும் குழந்தை வளர்ப்புக்குமாக 240 நாள் வரை லீவு உண்டு. ஆறு வருஷத்துக்குள் முடிக்க வேண்டிய ஆராய்ச்சிக்கு எல்லோருக்கும் இரண்டு வருஷம் நீட்டிப்பு தரலாம்; பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு வருஷம் தரலாம். மாப்பிள்ளைக்குக் கோயமுத்தூரில் வேலை, டில்லியில் வேலை என்றாலும் பாதகமில்லை. கல்யாணமாகி வேறு ஊர் போகிற பெண், தன் ஆராய்ச்சியை அங்கேயுள்ள பல்கலைக் கழகத்துக்கு மாற்றிக் கொள்ள விதி இடம் தருகிறது. சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஆராய்ச்சியையும் எடுத்துப் போகலாம் என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

சம்பந்தம் பேசும்போது நகைக் கணக்கை நாலு தடவை கேட்கிறோமே, "எங்கள் பெண்ணின் ஆராய்ச்சி தொடரும், சம்மதம்தானே?" என்று ஒரு தடவை கேட்டால் என்ன?

நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி

இதெல்லாம் இந்தக் காலத்து வசதி. அந்தக் காலத்தில் யார் உதவி செய்தார்கள் என்று தோன்றலாம். ஒரு கதை சொல்கிறேன், உண்மைக் கதை.

தலச்சேரியில் 1897-ல் பிறந்த ஜானகி அம்மாள், சென்னையில் படித்துத் தாவர சாஸ்திரத்தில் பட்டம் பெற்று, மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தவர். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் லெவி பார்பர் என்ற பெரியவர், ஆசியப் பெண்கள் வந்து மேல் படிப்புப் படிக்க வேண்டும் என்றே 1917-ல் ஓர் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தியிருந்தார். அதைப் பெற்று ஜானகி அம்மாள் 1924-ல் கப்பல் ஏறினார். அங்கே தங்குவதற்குப் பெண்களுக்கென்றே தனி விடுதி இருந்தது. வழி காட்ட ஒரு பேராசிரியர் இருந்தார். 1931-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிற்பாடு கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் செய்த வேலையும், செடிகளின் உயிரணுக்களைப் பற்றி அவர் எழுதியவையும் உலகப் பிரசித்தம். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவருடைய புத்திசாலித்தனத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பணத்துக்கு ஓர் உபகாரச் சம்பளம், தங்க ஒரு பத்திரமான விடுதி, கேட்டால் சொல்ல ஓர் ஆசிரியர். இந்த மூன்றும் இல்லாமல் எத்தனை ஜானகி அம்மாள்கள் தலச்சேரியிலும் தஞ்சாவூரிலும் அடுப்படியோடு நின்று போனார்களோ! இன்றைக்கு இந்த மூன்றையும் தேடிக் கப்பல் ஏற வேண்டியதில்லை. பல்கலை நகரில் இறங்கினால் போதும். இறங்கி, கேட்டால் போதும்.

மூன்றாவது சாமான்

பெட்டியில் அடங்காத மூன்றாவது சாமான் என்று சொன்னேனே, அது இதுதான்: "கேட்பதில் வெட்கமில்லை" என்ற ஒரு வார்த்தை. அதைத் தாயார்தான் கொடுத்தனுப்ப முடியும்.

ஒவ்வொரு நாளும் ராத்திரி டெலிபோனில் நாம் என்ன கேட்கிறோம்? "சாப்பிட்டியா? உடம்பு நல்லாருக்கா?" அந்தப் பக்கத்திலிருந்து, "சாப்பிட்டேம்மா, நல்லாருக்கேன்" என்று பதில் வருகிறது. அம்மா கவலைப்படக் கூடாதே என்று அவள் அப்படித்தான் சொல்வாள். பட்டினியாக இருந்தாலும் சொல்வாள், அழுது கொண்டிருந்தாலும் சொல்வாள். அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே இன்னொன்றும் கேளுங்கள்:

"இன்னைக்கு யார்கிட்டே போய் என்ன கேட்டே, தாயி?"

முதல் நாள், "ஒண்ணும் கேக்கலைம்மா" என்பாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள், உங்களுக்குப் பதில் சொல்வதற்காகவாவது, யாரிடமாவது போய் எதையாவது கேட்பாள். உபகாரச் சம்பள ஜன்னல் எங்கே என்று கேட்பாள். நூலகத்தில் அந்தச் சஞ்சிகையை எப்படித் திறப்பது என்று கேட்பாள். வகுப்பில் எழுந்து நின்று, "புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்" என்பாள்.

ஜாம்பவான் நரைத்த தாடியும் கரடி முகமுமாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அனுமந்தன்பட்டியில், வயலிலிருந்து திரும்பிக் கை கால் கழுவிக் கொண்டு, செல்போனைக் காதில் வைத்துக் கொண்டு திண்ணையில் உட்காரும் தாயாராகவும் இருக்கலாம்.